பட்ஜெட் ஆபீஸிலிருந்து வந்த துப்பறிவாளர்

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கமிட்டியில் எனக்குக் கொடுத்த தலைப்பு 'எனக்குப் பிடித்த நடிகர்'. மைக்கைக் கையில் வாங்குவதற்குள்ளேயே முன்வரிசையில் ஒருவர், "சிவாஜியா, எம்.ஜி.ஆரா?" என்று கேட்டுவிட்டார். இரண்டு பேரும் இல்லை. நான் பேசப் போவது அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடித்த ஒருவரைப் பற்றி. பெயர் பீட்டர் ஃபால்க். 'கொலம்போ' என்ற துப்பறியும் தொடரில் வந்தவர் என்றால் இங்கே சில பேருக்காவது ஞாபகம் வரும். (இலங்கையில் இருக்கும் ஊர் இல்லை. இது ஒரு போலீஸ் அதிகாரியின் பெயர்.)

நடிப்புக் கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. பி.காம். படித்தேன், வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன், கிளார்க்காகவே ரிடையர் ஆனேன். அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையையும் லெட்ஜர் மாதிரிதான் எனக்குப் பார்க்க வரும். எப்போது என்ன வரவு, என்ன செலவு, எந்த இடத்தில் கணக்கு மாறியது என்று. ஃபால்க்கை எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் அதுதான். அவரும் ஒரு காலத்தில் நம்மைப் போல அரசாங்க ஆபீஸில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சாதாரணமாகத் துப்பறியும் கதை என்றால் கொலைகாரன் யார் என்று கடைசிவரை மறைத்து வைப்பார்கள். கொலம்போவில் கொலை செய்தவர் யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். அவர் பெரும்பாலும் பணக்காரர், படித்தவர், ஊரில் மதிப்புள்ளவர். தப்பே கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாவற்றையும் முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அப்போது கசங்கிய மழைக்கோட்டும் கையில் பாதி சுருட்டுமாக ஒரு ஆள் உள்ளே வருவார். பேனா இருக்கிறதா என்று கேட்பார், தன் மனைவியைப் பற்றி ஏதோ பேசுவார். போகிறேன் என்று வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, "இன்னும் ஒரே ஒரு விஷயம் சார்" என்பார். கொலைகாரருக்கு அங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கும்.

இனி அவருடைய ஆரம்ப வாழ்க்கைக்கு வருகிறேன்.

பீட்டர் ஃபால்க் 1927 செப்டம்பர் 16-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். வளர்ந்தது ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் ஆசினிங் என்ற சின்ன ஊரில். 'சிங் சிங்' என்ற புகழ்பெற்ற சிறைச்சாலை இருக்கும் ஊர் அது. அப்பா துணிக்கடை வைத்திருந்தார். அம்மா கணக்குப் பார்ப்பது, சரக்கு வாங்குவது என்று வேலை செய்தவர். நம் பக்கத்து வியாபாரக் குடும்பம் மாதிரியே நினைத்துக்கொள்ளலாம்.

மூன்று வயதில் அவருடைய வலது கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்ற அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கடைசிவரை அந்த இடத்தில் கண்ணாடிக் கண்தான். கொலம்போ ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பதும், கண்ணைச் சுருக்கிக்கொள்வதும் நடிப்பு என்று நானும் முதலில் நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் தாத்தா பாட்டிகளுக்காக ஒரு நிமிஷம். இந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்தான் வரும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ, "சரியாகிவிடும்" என்று இருந்துவிடாமல் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் இன்று பல குழந்தைகளுக்கு உயிரோடு கண்ணையும் காப்பாற்ற முடிகிறது. 1930-ல் அந்த வசதி இல்லை.

சரி, ஒரு கண் போன பையனை வீட்டில் என்ன செய்திருப்பார்கள்? நம் வீடாக இருந்தால், "பந்து பட்டுவிடும், ஓரமாக உட்கார்" என்றிருப்போம். இந்தப் பையன் பேஸ்பால் ஆடினான், கூடைப்பந்து ஆடினான். ஆசினிங் உயர்நிலைப் பள்ளியில் நல்ல விளையாட்டு வீரன் என்று பெயர் வாங்கினான். கடைசி வருஷம் வகுப்புத் தலைவனாகவும் இருந்தான். பள்ளி ஆட்டம் ஒன்றில் அம்பயர் அவனுக்கு அவுட் கொடுத்துவிட்டார். பையனுக்கு அது அவுட் இல்லை என்று நிச்சயம். கண்ணாடிக் கண்ணைக் கழற்றி அம்பயரிடம் நீட்டி, இதை வைத்துப் பாருங்கள் என்றானாம். பிற்காலத்தில் ஃபால்க் பேட்டிகளில் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது.

பன்னிரண்டு வயதில் ஒரு கோடைக்கால முகாமில் அவர் முதல் முறையாக மேடை ஏறினார். அந்த முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களில் ராஸ் மார்ட்டின் என்பவரும் ஒருவர். அவரும் பின்னால் நடிகரானார். பல வருஷம் கழித்துக் கொலம்போ கதை ஒன்றில் அவரே கொலைகாரராக வந்து ஃபால்க்கிடம் மாட்டிக்கொண்டார்.

ஆனால் முகாமில் நடித்ததால் நடிகராகிவிடவில்லை. 1945-ல் பள்ளி முடித்தார். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம். ராணுவத்தில் சேரப் போனார், ஒரு கண்ணோடு எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சரக்குக் கப்பலில் சேர்ந்தார். அங்கே சமையல் வேலை, சாப்பாடு பரிமாறும் எடுபிடி வேலை. கப்பலில் கேப்டன் ஒருவருக்குத்தான் கண் தெரிய வேண்டும், மற்றவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒன்றரை வருஷம் போலக் கடலில் இருந்தார்.

திரும்பி வந்து படித்தார். அந்தப் படிப்பும் நேர்கோட்டில் போகவில்லை. ஒரு கல்லூரி, பிறகு இன்னொன்று, கடைசியில் நியூயார்க்கில் உள்ள 'நியூ ஸ்கூல்' நிறுவனத்தில் 1951-ல் இலக்கியமும் அரசியல் விஞ்ஞானமும் படித்துப் பட்டம் வாங்கினார். அப்புறம் ஐரோப்பா போனார். யூகோஸ்லாவியாவில் ரயில்பாதை வேலை செய்தார். மறுபடி அமெரிக்கா வந்து, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம், 1953-ல். அரசாங்க அதிகாரிகளை உருவாக்குவதற்கான படிப்பு அது. சி.ஐ.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டார். கப்பலில் இருந்தபோது சமையல்காரர்கள் தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தது பிரச்சினையாகி, அங்கேயும் எடுக்கவில்லை.

இந்தப் பட்டியலைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். "ஒன்றிலும் நிலைக்காத பையன்."

கடைசியில் ஒரு வழியாக நல்ல வேலை கிடைத்தது. கனெக்டிகட் மாநில அரசின் பட்ஜெட் அலுவலகத்தில், ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில், நிர்வாக ஆய்வாளர். தன்னைத்தானே கேலி செய்துகொண்டு 'திறமை நிபுணர்' என்பார். வேலைக்குச் சேர வேண்டிய முதல் நாள் காலையில் ஆபீஸ் கட்டடம் எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியாமல் தாமதமாகப் போன திறமை நிபுணர்.

ஹார்ட்ஃபோர்ட் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பேர்போன ஊர். பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிற ஜனங்கள் நிறைந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன் வாழ்ந்த ஊரும்கூட. அவர் பெயரிலேயே அங்கே ஓர் அமெச்சூர் நாடகக் குழு இருந்தது, 'மார்க் ட்வைன் மாஸ்கர்ஸ்' என்று. ஆபீஸ் முடிந்ததும் ஃபால்க் அங்கே போவார். பகலில் பட்ஜெட், மாலையில் ஒத்திகை. ஆர்தர் மில்லர் எழுதிய 'தி க்ரூசிபிள்' போன்ற கனமான நாடகங்களில் எல்லாம் அங்கே நடித்தார். சம்பளத்துக்கு இல்லை. போக்குவரத்துச் செலவு கையைவிட்டு.

அதோடு நிற்கவில்லை. வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் ஈவா லகாலியன் என்ற பெரிய மேடை நடிகை நடிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். தொழில்முறை நடிகர்களுக்கான வகுப்பு அது. ஃபால்க் தானும் தொழில்முறை நடிகர்தான் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டார். வாரம் ஒரு முறை ஹார்ட்ஃபோர்டிலிருந்து அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு போவார், எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேருவார்.

ஒருநாள் அந்த அம்மா, ஏன் தினமும் லேட் என்று கேட்டார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து வருகிறேன் என்றார் இவர். ஹார்ட்ஃபோர்டில் தொழில்முறை நாடகமே கிடையாதே, அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். இனி மறைக்க முடியாது. நான் தொழில்முறை நடிகன் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா பார்த்துவிட்டு, அப்படியானால் நீ தொழில்முறை நடிகனாக வேண்டியவன் என்றார். ஃபால்க் ஹார்ட்ஃபோர்டுக்குத் திரும்பிப் போய் வேலையை விட்டுவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வங்கியில் இருந்தவனுக்கு இதற்கு முன்னும் பின்னும் இருக்கும் பதிவுகள் கண்ணில் படும். முன்னால் என்ன இருக்கிறது? பல மாதச் சாயங்காலங்கள், வகை வகையான நாடகங்கள், வாராவாரம் காரில் போய் வந்த தூரம். அந்த அம்மா அவரைத் தெருவில் பார்த்துச் சொல்லவில்லை. வகுப்பில் அவர் வேலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பின்னால் என்ன இருக்கிறது? அந்த அம்மா நியூயார்க்கில் ஒரு ஏஜென்டுக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதம். அதை வைத்துக்கொண்டுதான் அவர் நியூயார்க் போனார். அப்போது அவருக்கு 28 வயது இருக்கும்.

போனதும் கதவு திறந்துவிட்டதா? 1956 ஜனவரியில் மோலியரின் 'டான் ஜுவான்' நாடகத்தில் ஒரு முக்கிய வேடம் கிடைத்தது. நாடகம் ஒரே ஒரு நாள் நடந்தது, மறுநாள் எடுத்துவிட்டார்கள். அரசாங்க வேலையை விட்டு வந்தவருக்கு முதல் அனுபவம் இது. அதே வருஷம் யூஜின் ஓ'நீலின் 'தி ஐஸ்மேன் கமெத்' நாடகத்தில் மதுக்கடைப் பணியாளர் வேடம் கிடைத்தது. ஜேசன் ரோபார்ட்ஸ் கதாநாயகனாக நடித்த அந்த நாடகம் பெரிதாகப் பேசப்பட்டது. ஃபால்க்குக்கு வேலை வர ஆரம்பித்தது.

மேடையில் தூரத்திலிருந்து பார்ப்பார்கள், கண் தெரியாது. சினிமாவில் கேமரா கிட்டே வரும். அந்தக் கண்ணோடு சினிமாவில் அதிகம் எதிர்பார்க்காதே என்று ஒரு ஏஜென்டே சொன்னார். கொலம்பியா பிக்சர்ஸில் ஸ்கிரீன் டெஸ்ட் எடுத்தார்கள். அந்த நிறுவனத்தின் தலைவர் ஹாரி கோன், இதே காசுக்கு எனக்கு இரண்டு கண் உள்ள நடிகர் கிடைப்பாரே என்று சொல்லி வேண்டாமென்றுவிட்டாராம். ஒரு கண்ணைப் பறிகொடுத்தது அவருக்கு நல்லதாகப் போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ராணுவம் போயிற்று, பட வாய்ப்பு போயிற்று. அவை செலவுப் பக்கத்தில் எழுத வேண்டியவைதான்.

ஆனால் அழகான கதாநாயகன் வேடம் கிடைக்காதவருக்குக் குணச்சித்திர வேடங்கள் கிடைத்தன. முக்கியமாக ரவுடி வேடங்கள். 1960-ல் 'மர்டர், இங்க்.' என்ற படத்தில் ஏப் ரெலிஸ் என்ற நிஜமான கூலிக் கொலைகாரனாக நடித்தார். துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரை. அடுத்த வருஷம் ஃப்ராங்க் காப்ராவின் 'பாக்கெட்ஃபுல் ஆஃப் மிராக்கிள்ஸ்', அதில் சிரிப்பு ரவுடி. அதற்கும் ஆஸ்கார் பரிந்துரை. இரண்டுமே கிடைக்கவில்லை என்றாலும் ஊருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. 1962-ல் தொலைக்காட்சியில் 'தி ப்ரைஸ் ஆஃப் டொமேட்டோஸ்' என்று ஒரு நாடகம். தக்காளி ஏற்றிப் போகும் லாரி டிரைவர் வேடம். அதற்கு எம்மி விருது கிடைத்தது. தொலைக்காட்சிக்கு ஆஸ்கார் மாதிரி எம்மி.

அப்புறமும் சறுக்கல் உண்டு. 1965-ல் 'தி ட்ரையல்ஸ் ஆஃப் ஓ'பிரையன்' என்ற தொடரில் வக்கீலாக, முதல் முறையாகக் கதாநாயகனாக நடித்தார். 22 வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். நல்ல தொடர் என்று அவருக்குக் கடைசிவரை அதன் மேல் பிரியம்.

இப்போது கொலம்போ. ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்று இரண்டு பள்ளிக்கால நண்பர்கள் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம் அது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் போர்ஃபிரி பெத்ரோவிச் என்ற விசாரணை அதிகாரிதான் அவர்களுக்கு முன்மாதிரி. ஃபால்க் அதில் முதல் ஆள் இல்லை. 1960-ல் தொலைக்காட்சியில் பெர்ட் ஃப்ரீட் என்பவர் நடித்தார். 1962-ல் மேடையில் தாமஸ் மிட்செல் என்ற மூத்த நடிகர் நடித்தார். 1968-ல் அதையே தொலைக்காட்சிப் படமாக எடுக்க நினைத்தபோதும், லீ ஜே. காப், பிங் கிராஸ்பி போன்றவர்களைத்தான் முதலில் யோசித்தார்கள். அவர்களுக்குத் தோதுப்படவில்லை. ஃபால்க் கேட்டு வந்தபோது, வயது குறைவாக இருக்கிறதே என்று தயங்கினார்கள். அவருக்கு அப்போது நாற்பது.

வேடம் கிடைத்ததும் அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். மழைக்கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு. முன்பு ஒருநாள் நியூயார்க்கில் மழையில் மாட்டிக்கொண்டபோது வாங்கியது. அந்தப் பழைய பியூஜோ கார், ஸ்டுடியோவில் நின்றுகொண்டிருந்த வண்டிகளில் அவரே தேடிப் பிடித்தது. அந்த "இன்னும் ஒரே ஒரு விஷயம்" எங்கிருந்து வந்தது தெரியுமா? லிங்க் சொல்லியிருக்கிறார். நாடகம் எழுதும்போது ஒரு காட்சி சின்னதாகப் போய்விட்டது, ஆனால் கொலம்போ ஏற்கெனவே வெளியே போய்விட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பக்கம் முழுவதையும் திரும்ப டைப் அடிக்க அலுத்துக்கொண்டு, போனவரைக் கதவிலிருந்து திரும்பி வர வைத்து மேலும் ஒரு கேள்வி கேட்க வைத்துவிட்டார்கள். டைப்ரைட்டரில் கார்பன் வைத்து அடித்தவர்களுக்கு அந்த அலுப்பு புரியும்.

1971-ல் தொடராக ஆரம்பித்தது. தொடரின் முதல் கதை 'மர்டர் பை தி புக்'. அதை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அப்போது அவருக்கு 24 வயது. 'ஜுராசிக் பார்க்'கெல்லாம் ரொம்ப வருஷம் கழித்து. மற்ற தொடர்களோடு முறைவைத்து வந்ததால் கொலம்போ வாராவாரம் வராது. முதலில் 1978 வரையும், பிறகு வேறு சேனலில் 1989-லிருந்து 2003 வரையும் வந்தது. ஆரம்பத்தில் வந்த இரண்டு படங்களையும் சேர்த்து மொத்தம் 69 கதைகள். இந்த வேடத்துக்கு மட்டும் அவருக்கு நான்கு எம்மி விருதுகள்.

இந்தத் தொடரை நான் பார்க்க ஆரம்பித்தபோது ஒரு விஷயம் எனக்கு உடனே பிடிபட்டது. இந்த ஆள் போலீஸ்காரர் மாதிரி வேலை செய்யவில்லை. கணக்கு டேலி ஆகாமல் உட்கார்ந்திருக்கும் வங்கி கிளார்க் மாதிரி வேலை செய்கிறார்.

வங்கியில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் நாள் கணக்கு முடிக்கும்போது ஒன்பது ரூபாய் வித்தியாசம் வந்தால், கையிலிருந்து ஒன்பது ரூபாய் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஒவ்வொரு வவுச்சராக எடுத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இரண்டு எண் இடம் மாறியிருக்கலாம் என்று தேடுவோம், 54-ஐ 45 என்று எழுதியிருப்பார்கள். தொகை சின்னது, ஆனால் அது ஏன் வந்தது என்று தெரியாதவரை நிம்மதி கிடையாது. கொலம்போவும் இதைத்தான் செய்கிறார். ஸ்பீல்பெர்க் எடுத்த அந்தக் கதையில் இரண்டு எழுத்தாளர்கள் கூட்டாகத் துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள். ஒருவர் மற்றவரைக் கொன்று, பிணத்தைத் தன் வீட்டுப் புல்தரையிலேயே போட்டுவிட்டுப் போலீஸுக்கும் சொல்கிறார். எல்லாம் கச்சிதம். ஆனால் கூட்டாளியின் பிணத்தைப் பார்த்த மனிதர், தபாலில் வந்த பில்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். கொலம்போவுக்கு அது உறுத்துகிறது. அதைக் கோபமாகக் கேட்பதில்லை. எனக்குத்தான் புரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்கிற பாவனையில் கேட்கிறார்.

ஃபால்க் பட்ஜெட் ஆபீஸில் கற்றதை இதில் காட்டினார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த வேலையில் தனக்கு நாட்டமே இல்லை என்றுதான் அவர் சொன்னார். ஆனால் கப்பல் சமையலறையும் ரயில்பாதையும் ஆபீஸ் மேஜையும் பார்த்த ஒருவர், பெரிய மாளிகைக்குள் நுழையும் சாதாரண சம்பளக்காரர் எப்படி நிற்பார் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கொலம்போ அப்படித்தான் நிற்பார்.

இப்போது நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாள் முன்பு நம் குடியிருப்பில் ஒருவர் லிஃப்ட் பக்கத்தில் என்னை நிறுத்தினார். எந்த பிளாக் என்று சொல்ல மாட்டேன். "சார், பையனுக்கு இருபத்தேழு வயசு. ஐ.டி.யில் நல்ல சம்பளம். நடிக்கப் போகிறேன், வேலையை விடுகிறேன் என்கிறான். இவன் அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நீங்கள் வங்கியில் இருந்தவர், நாலு பேரைப் பார்த்தவர், ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் இன்று வந்திருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

"பீட்டர் ஃபால்க்கைப் பாருங்கள், வேலையை விட்டார், ஜெயித்தார்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது சரியான கணக்கு இல்லை. வங்கியில் கடனைக் கட்டி முடித்தவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்து எல்லா மேஜைக்கும் கொடுப்பார். கட்ட முடியாமல் போனவர் அந்தத் தெரு வழியாகவே நடக்க மாட்டார். ஸ்வீட் பாக்ஸை மட்டும் எண்ணினால் எல்லாக் கடனும் வசூலானது போலத்தான் தோன்றும். நியூயார்க்குக்குப் போய்ப் பெயர் தெரியாமல் திரும்பி வந்தவர்களின் கதையை யாரும் புத்தகமாகப் போடுவதில்லை.

அதற்காக "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதும் சரியில்லை. கடன் விண்ணப்பம் வந்தால் மேனேஜர் உடனே கிழித்துப் போட மாட்டார், உடனே கையெழுத்தும் போட மாட்டார். சில கேள்விகள் கேட்பார். ஃபால்க்கின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் எனக்கு நான்கு கேள்விகள் தோன்றுகின்றன.

முதல் கேள்வி, இந்த ஆசைக்காகப் பையன் இதுவரை எத்தனை சாயங்காலம் செலவழித்திருக்கிறான்? ஃபால்க் சம்பளம் வாங்கிக்கொண்டே அமெச்சூர் குழுவில் வேடம் வேடமாக நடித்தார். ஆபீஸ் களைப்போடு ஒத்திகைக்குப் போக முடிகிறவனுக்கு அந்தத் தொழிலில் நிஜமான பசி இருக்கிறது. வேலையை விட்டால்தான் ஆரம்பிப்பேன் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம்.

இரண்டாவது, யாரிடம் கற்றான்? தானாக வந்துவிடும் என்று ஃபால்க் நினைக்கவில்லை.

மூன்றாவது, வீட்டுக்கு வெளியே, அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் அவன் வேலையைப் பார்த்துவிட்டு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறாரா? அம்மா சொன்னால் கணக்கில் வராது. நண்பர்கள் போடும் லைக்கும் வராது. ஜாமீன்தாரர் குடும்பத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

நான்காவது, முதல் நாடகம் ஒரே நாளில் நின்றுபோனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறது? அது பையனுடைய சேமிப்பாக இருக்க வேண்டும். நம்முடைய கிராஜுவிட்டியைத் தொடக் கூடாது. இதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

இந்த நான்குக்கும் பையன் நேராகப் பதில் சொன்னால், அதற்கு மேல் தடுக்க நமக்கு நியாயம் இல்லை. பதில் இல்லை என்றால், "போகாதே" என்பதைவிட "இன்னும் ஒரு வருஷம் சாயங்காலத்தில் செய்துகொண்டே வா" என்பது அவனுக்கும் கேட்கக்கூடிய பேச்சாக இருக்கும். அவன் அம்மாவும் சாப்பிடுவார்.

இதே கணக்கில் ஒரு குறையோடு இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் குடியிருப்பில் விளையாடும் பிள்ளைகளில் காது கேட்கும் கருவி போட்ட குழந்தை உண்டு, தடித்த கண்ணாடி போட்ட குழந்தை உண்டு. நல்ல எண்ணத்தில்தான், "நீ ஸ்கோர் எழுது" என்று ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். ஆசினிங்கில் ஒரு கண் இல்லாத பையனை யாரோ மைதானத்தில் இறங்கவிட்டார்கள். அம்பயரிடம் சண்டை போடும் அளவுக்கு அவன் ஆட்டத்துக்குள் இருந்தான். பிற்பாடு ஹாரி கோன் வேண்டாம் என்றபோது அவர் மூலையில் உட்காராததற்கு அந்த மைதானத்துக்கும் பங்கு இருக்கும் என்று நான் நம்புகிறேன். சாயங்காலம் டீம் பிரிக்கும்போது அந்தக் குழந்தைகளுக்கும் ஒரு ஓவர் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஃபால்க் 2011 ஜூன் 23-ம் தேதி பெவர்லி ஹில்ஸில் காலமானார். அப்போது வயது 83. கடைசி வருஷங்களில் மறதி நோயால் சிரமப்பட்டார். கரித்துண்டால் ஓவியம் வரைவதில் அவருக்கு ரொம்ப ஈடுபாடு, நன்றாகவே வரைவார். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் 2014-ல் கொலம்போவுக்கு ஒரு சிலை வைத்தார்கள். கசங்கிய கோட்டோடு தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார், எதிரில் அவருடைய நாய். அங்கே போகிற பிள்ளைகள் யாராவது இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள்.

இங்கே பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். கமிட்டி சம்மதித்தால் அடுத்த மாதம் இதே கூடத்தில் 'மர்டர் பை தி புக்' பார்க்கலாம். ஒன்றேகால் மணி நேரம்தான், ஆங்கில எழுத்து கீழே ஓடும், புரியாத இடத்தில் நான் நிறுத்திச் சொல்கிறேன். லிஃப்ட் பக்கத்தில் என்னிடம் கேட்டவர் மகனையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு கேள்விகளை நானே அவனிடம் கேட்கிறேன். அப்பா கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும்.

 வெளியே காபி தயாராக இருக்கிறது.